ஃபேன் ஓடுகிறது: த்ரில்லர் தொடக்கத்துக்குக் கேமராவா, சத்தமா, கலரா?

குறும்படம் எடுக்கக் கிளம்பும் தம்பி தங்கைகள் அனுப்பும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணா, முதல் மூணு நிமிஷம் சீட்டு நுனில உக்கார வைக்கணும். இருக்கிற காசுக்கு நல்ல கேமரா வாடகைக்கு எடுக்கவா, சவுண்டுக்கு ஆள் வைக்கவா, இல்ல டி.ஐ.க்கு ஒதுக்கவா?" (டி.ஐ. என்றால் எடுத்த படத்தின் நிறத்தைக் கணினியில் திருத்தும் வேலை.) பலரும் கடைசியில் மூன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிரித்துப் போடுகிறார்கள். ஆள் அதிகமாக வந்த பந்தியில் ஆளுக்கு அரைக் கரண்டி சாம்பார் ஊற்றிய கதையாகிவிடுகிறது. எல்லா இலையிலும் இருக்கும், எவருக்கும் சோறு பிசைய வராது.

பொத்தாம்பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம்.

இரவு 11 மணி. இரண்டாவது மாடி வீடு. தனியாக இருக்கும் ஒரு பெண் வேலை முடிந்து வருகிறாள். படி ஏறி, பைக்குள் சாவியைத் துழாவி, பூட்டைத் திறக்கிறாள். ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் அவள் நிறுத்திவிட்டுப் போன ஃபேன்.

இவ்வளவுதான் காட்சி. ஒரு ராத்திரி, ஆறு பேர், ஒரு வீடு. இதைக் கேமராவை நம்பி எடுப்பதா, சத்தத்தை நம்பியா, கலரை நம்பியா?

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில், விஷயம் யாருக்குத் தெரியும்? எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது. மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவனுக்குத் தெரியாமல் வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி, தெரிந்தே காத்திருந்தால் 15 நிமிஷப் பதற்றம் என்று இயக்குநர் ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் விளக்கியது சினிமாப் பள்ளிகளில் தேய்ந்துபோன பாடம். ஆனால் தெரியப்படுத்துவதிலும் அளவு உண்டு. 1954இல் எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் எடுத்த 'அந்த நாள்' படம் கொலையோடு தொடங்குகிறது. சுடப்பட்டவர் யாரென்று தெரிகிறது, சுட்டவர் தெரியவில்லை. பாதியைக் கொடுத்து, மீதியைக் கையில் வைத்துக்கொள்ளும் வேலை அது. நம் காட்சியில் ஃபேன் விஷயம் பார்வையாளருக்கு அவளுக்கு முன்பே தெரிய வேண்டுமா, அவளோடு சேர்ந்தா, அவளுக்குப் பிறகா? இதற்குப் பதில் எழுதாமல் வாடகைக் கடைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது, எதில் பார்ப்பார்கள்? தியேட்டரா, லேப்டாப்பா, பஸ்ஸில் நின்றபடி ஃபோனிலா?

மூன்றாவது, தப்பு நடந்தால் பிறகு சரிசெய்ய முடியுமா? சிலவற்றை எடிட்டிங் மேஜையில் தேற்றலாம், சிலவற்றுக்கு மறுபடி அந்த வீட்டுக்கே போக வேண்டும்.

நான்காவது, கணக்கில் வராத செலவு. வாடகை பில்லில் இருப்பது பாதிதான். மீதி பேட்டாவிலும், தூக்கத்திலும், பக்கத்து வீட்டுக்காரர் பொறுமையிலும் போகும்.

## கேமராவை நம்பினால்

கேமரா எங்கே நிற்கிறது என்பதே யாருக்கு என்ன தெரியும் என்பதை முடிவு செய்துவிடுகிறது. நம் ஃபேனையே பாருங்கள்.

கேமரா முதலிலிருந்தே இருட்டு ஹாலுக்குள் நிற்கிறது. மேலே ஃபேன் சுற்றுகிறது. வெளியே சாவி சத்தம். கதவு இன்னும் திறக்கவில்லை. இப்போது நமக்கு அவளைவிட அதிகம் தெரியும். "உள்ளே வராதே" என்று சொல்லத் தோன்றும்.

கேமரா அவள் தோளுக்குப் பின்னால் படியேறி வருகிறது. கதவு திறந்ததும் அவள் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். இப்போது அவளும் நாமும் ஒரே நிலைமையில் இருக்கிறோம்.

கேமரா அவள் முகத்தில் நிற்கிறது. உள்ளே ஓர் அடி வைத்தவள் நின்றுவிடுகிறாள். கண் மேலே போகிறது. எதைப் பார்த்தாள் என்று நமக்குக் காட்டவில்லை. அவளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

ஃபேன் ஒன்றுதான், படம் மூன்று. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் கிடையாது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரு ட்ரைபாட் போதும். அப்படியிருக்க, "கேமராவுக்குச் செலவு பண்ணலாம்" என்றதும் நம் பசங்களுக்குத் தோன்றுவது கேமராவை ஆடாமல் தாங்கும் ஜிம்பலும், வெட்டே இல்லாமல் ஓடும் சிங்கிள் ஷாட்டும்தான்.

சிங்கிள் ஷாட் ஆசைக்கு மூலப் படங்களில் ஒன்று 1958இல் வந்த, ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்'. ஒரு கை குண்டின் கடிகாரத்தைத் திருப்பி, காரின் டிக்கியில் வைக்கிறது. கேமரா கிரேனில் மேலெழுந்து, வீட்டுக் கூரைகளைத் தாண்டி, அந்தக் காரையும் அதோடு நடந்துவரும் புதுமணத் தம்பதியையும் எல்லை ஊரின் தெருக்கள் வழியே தொடர்கிறது. கிட்டத்தட்ட 3 நிமிஷம் 20 நொடி வெட்டே இல்லை. கார் முந்துகிறது, பின்தங்குகிறது, ஆட்டு மந்தைக்காக நிற்கிறது. நம் கண் காரைத் தேடிக்கொண்டே இருக்கிறது. கேமரா நகர்கிறது என்பதால் வந்த பதற்றம் இல்லை அது. டிக்கியில் குண்டு இருப்பதை முதல் சில நொடிகளிலேயே காட்டிவிட்டதால் வந்தது. அந்த முதல் சில நொடிகளை வெட்டிவிட்டுப் பாருங்கள், மீதி மூன்று நிமிஷமும் அழகான தெருக் காட்சியாகிவிடும்.

அதற்கு ஆன விலை ஓர் இரவு. சுங்கச் சாவடி அதிகாரியாக நடித்தவர் ஒவ்வொரு முறையும் வசனத்தில் தடுமாற, விடிகிற நேரத்தில் எடுத்த டேக்தான் படத்தில் இருக்கிறது என்று அந்தப் புதுமணக் கணவனாக நடித்த சார்ல்டன் ஹெஸ்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வாயை மட்டும் அசை, பிறகு டப் செய்துகொள்ளலாம் என்று ஆர்சன் வெல்ஸ் அவரிடம் சொன்னாராம். பெரிய ஸ்டுடியோவின் கிரேனும் ஆட்களும் இருந்தே அந்தப் பாடு.

கணக்கில் வராத செலவு இதுதான்: சிங்கிள் ஷாட்டுக்கு எடிட்டிங்கில் மருந்து கிடையாது. 40வது நொடியில் தொய்வு இருந்தால் அது கடைசி வரை இருக்கும். ஃபோகஸ் தவறினால் மூன்று நிமிஷமும் போச்சு. ஒத்திகைக்கு ஒரு நாள், அதற்கும் பேட்டா.

ஃபேன் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது மூன்று இறக்கை ஃபேன் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பின்னோக்கிச் சுற்றுவதுபோலத் தெரியும், இன்னொரு வேகத்தில் அசையாமல் நிற்பதுபோலக்கூடத் தெரியும். ஓடும் ஃபேன்தான் கதையே, அது நின்றால் என்ன செய்வது? ரெகுலேட்டரை ஒவ்வொரு எண்ணாகத் திருப்பி மானிட்டரில் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் படும் நேரத்தை, அதாவது ஷட்டரை, 50இல் ஒரு பங்கு நொடிக்கு வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவு எல்.இ.டி. பல்பும் பழைய டியூப் லைட்டும் ஷட்டரை வேறு வேகத்தில் வைத்தால் அலையடிக்கும். எடுத்த பிறகு அதைப் போக்குவது பெரும்பாடு.

கேமரா எப்போது சரியான தேர்வு? ஆபத்து எங்கே இருக்கிறது, ஆள் எங்கே இருக்கிறான், நடுவில் எவ்வளவு தூரம் என்பதே பதற்றமாக இருக்கும்போது. படிக்கட்டு, நீண்ட தாழ்வாரம், ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும் வாசல்கள் கொண்ட பழைய வீடு கிடைத்தால் கேமராவுக்கே கொடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, நாலு பக்கமும் வெள்ளைச் சுவர் என்றால் எந்த லென்ஸும் காப்பாற்றாது. கேமராவைக் கையில் பிடித்து, ஹேண்ட்ஹெல்டில் ஆட்டினால் பதற்றம் வரும் என்பவர்களுக்கு ஒன்று: தலைவலியும் வரும், எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது.

## சத்தத்தை நம்பினால்

வெல்ஸின் அதே காட்சி சத்தத்தைப் பற்றியும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1958இல் வெளியானபோது அந்த நீண்ட ஷாட்டின் மேல் ஸ்டுடியோ டைட்டில் எழுத்துகளை ஓட்டி, ஹென்றி மான்சினியின் இசையைப் போட்டது. வெல்ஸ் 58 பக்கத்துக்குக் குறிப்பு எழுதி முறையிட்டும் அப்போது முழுதாக நடக்கவில்லை. அந்தக் குறிப்பை வைத்து எடிட்டர் வால்டர் மர்ச் 1998இல் படத்தை மறுபடி கோர்த்தார். எழுத்துகள் போயின. மேலே போட்ட இசையும் போனது. பதிலுக்குத் தெருவோர விடுதிகளிலிருந்து கசியும் பாட்டுகள், காரின் ரேடியோ. கார் சட்டகத்தை விட்டுப் போனாலும் ரேடியோ கேட்கிறது. அது நெருங்கினால் குண்டு நெருங்குகிறது.

இரண்டிலும் அந்த ஷாட் ஒன்றே. மான்சினியின் இசை நல்ல இசைதான், எனக்குப் பிடிக்கவும் செய்யும். ஆனால் அது "இது த்ரில்லர்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ரேடியோவோ "குண்டு இங்கே" என்கிறது. பதற்றத்துக்குத் தேவை இரண்டாவது.

சத்தத்தின் பெரிய பலம், இல்லாததைக் காட்டுவது. ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931) அவருடைய முதல் பேசும் படம். பின்னணி இசையே கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்து மகள் வரவில்லை. தாய் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். காலியான படிக்கட்டு. ஆளில்லாத பரண். சாப்பிடாமல் கிடக்கும் தட்டு. கூப்பிடும் குரல் மட்டும் இவற்றின் மேல். பிறகு புல்லில் உருண்டுவந்து நிற்கும் பந்து, கம்பியில் சிக்கிய பலூன். கொலைகாரனுக்கு ஒரு சீட்டி. அது கிரீக் என்ற இசையமைப்பாளரின் மெட்டு. நடித்த பீட்டர் லோருக்குச் சீட்டி அடிக்க வராததால் லாங்கே அடித்தார். படிக்கட்டு, பரண், தட்டு: நம் வீட்டிலும் இருப்பவைதான். குரலுக்கும் வாடகை கிடையாது.

நம் காட்சிக்கு வருவோம். அவள் படியேறும்போதே மேலிருந்து லேசாக ஒரு 'கிரீச்... கிரீச்...' கேட்கிறது. யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், ஏதோ ஒரு வீட்டு ஃபேன். கதவு திறக்கிறது, அந்தச் சத்தம் பெரிதாகிறது. இப்போது புரிகிறது. ஓர் அடி உள்ளே வைக்கிறாள். இருட்டிலிருந்து 'டக்'. சுவிட்சை யாரோ அணைத்திருக்கிறார்கள்.

ஃபேன் உடனே நிற்காது. கிரீச்... கிரீச்..... கிரீச்....... இடைவெளி கூடிக்கொண்டே போகும். அந்த இடைவெளியில் பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். கடைசிக் கிரீச்சுக்குப் பிறகு வரும் மௌனத்துக்கு எந்த இசையமைப்பாளரையும் கூப்பிட வேண்டாம்.

கணக்கில் வராத செலவு இங்கேயும் உண்டு. படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதியும் லைவ் சவுண்டில் எடுத்தால் ரெக்கார்டிஸ்ட் முதலில் நிறுத்தச் சொல்வது ஃபேனைத்தான், அடுத்து ஃப்ரிட்ஜை. ஃபேனே கதாநாயகன் என்றால் ஓடும்போது படம், நிறுத்திவிட்டு வசனம், ஃபேன் சத்தம் தனியாக என்று மூன்று வேலை. அபார்ட்மெண்டின் தண்ணீர் மோட்டார் எப்போது ஓடும் என்று வாட்ச்மேனிடம் கேட்டு வையுங்கள். ஆடி மாசம் என்றால் கோயில் ஒலிபெருக்கி எந்நேரமும் அலறும். தெருநாய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான் பட்டது ஒன்று. என் படம் ஒன்றின் தொடக்கத்தில் காதால் கேட்பதைவிட நெஞ்சில் உணரும்படி 40 ஹெர்ட்ஸ் பக்கம் ஓர் உறுமலைப் போட்டிருந்தோம். ஸ்டுடியோ ஸ்பீக்கரில் வயிற்றைப் பிசைந்தது. சொந்தக்காரர் வீட்டில் ஃபோனில் போட்டுக் காட்டினேன். ஒன்றுமே கேட்கவில்லை. ஃபோன் ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே குரல் கிடையாது. "நல்லா இருக்குப்பா, கொஞ்சம் ஸ்லோவா இருக்கு" என்றார் சித்தப்பா. இரண்டு நிமிஷம் சும்மா ஒரு கதவைக் காட்டியிருக்கிறோம் அவருக்கு. அன்றிலிருந்து ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை வேலை, முடிந்ததும் மூன்று இடத்தில் கேட்பேன்: ஸ்டுடியோ, இயர்ஃபோன், மலிவு ஃபோன். கிரீச், சாவி, சுவிட்ச், செருப்புத் தேய்வது எல்லாம் மலிவு ஃபோனிலும் பிழைக்கும். உறுமல் பிழைக்காது.

சத்தம் எப்போது தோற்கும்? சத்தம் அணைந்தபடியே தானாக ஓடும் ரீல்ஸில் உங்கள் தொடக்கத்தைப் போடப் போகிறீர்கள் என்றால் 'கிரீச்' வேலைக்கு ஆகாது. மற்றபடி சின்ன இடம், புது நடிகர், கண்ணில் படாத ஆபத்து என்றால் யோசிக்கவே வேண்டாம்.

## கலரை நம்பினால்

இங்கே கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன். முதல் மூன்று நிமிஷத்தில் கலருக்கு இன்னும் அர்த்தம் வந்திருக்காது. திரும்பத் திரும்ப வரும்போதுதான் ஒரு நிறம் பேசத் தொடங்கும். ஆகவே தொடக்கத்தில் கலர் போடுவது விதை நெல் மாதிரி, விளைச்சல் பிறகு. "பச்சை நீலம் தட்டிட்டா த்ரில்லர் ஆயிடும்" என்று டி.ஐ.யில் உட்கார்ந்து கேட்பவர்களுக்குக் கிடைப்பது, மற்ற எல்லாருடைய படத்தையும் போன்ற ஒரு படம்.

கலரையே முதல் காட்சியின் ஆயுதமாக்கிய படம் உண்டு, நிக்கலஸ் ரோகின் 'டோன்ட் லுக் நவ்' (1973). குளக்கரையில் சிவப்பு மழைக்கோட்டில் ஒரு சிறுமி விளையாடுகிறாள். வீட்டுக்குள் அப்பா ஒரு தேவாலயத்தின் ஸ்லைடைப் பார்க்கிறார், அதிலும் ஒரு சிவப்பு உருவம். ஸ்லைடின் மேல் தண்ணீர் சிந்துகிறது, சிவப்பு கசிந்து பரவுகிறது. அவர் எழுந்து குளத்துக்கு ஓடுகிறார். குழந்தை மூழ்கிவிட்டது. இருக்கும் ஒற்றைச் சிவப்பு இரண்டு இடத்தையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. அந்தக் காலத்தில் டி.ஐ. என்பதே கிடையாது. அந்தச் சிவப்பை வைத்தது ஒரு கோட்டு.

அதாவது கலர், உடையிலும் பொருளிலும் முடிவானால் மிக மலிவு, டி.ஐ.யில் முடிவானால் மிக விலை. நம் ஹாலில் ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரின் சிவப்புப் புள்ளி எரிகிறது என்று வையுங்கள். சுற்றிலும் நீலமான இருட்டு, திரையில் வேறு சிவப்பே இல்லை. அவள் வாசலில் நிற்கிறாள். அந்தச் சிவப்புப் புள்ளி ஒரு நொடி காணாமல் போய் மறுபடி தெரிகிறது. யாரோ அதைக் கடந்து போயிருக்கிறார்கள். செலவு? ஸ்டெபிலைசர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அவள் நெற்றிப் பொட்டும் கைப்பையும் சிவப்பாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவெல்லாம் இருட்டில்தான். சாதாரணக் கேமராவின் 8 பிட் பதிவில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1024. இருட்டுச் சுவரில் வெளிச்சம் மெல்லத் தேயும் இடத்தில் 8 பிட் பட்டை பட்டையாக உடையும். யூடியூபில் ஏற்றும்போது அது சுருக்கும், இன்னும் மோசமாகும். பகல் வெளிச்சத்தில் ஃபோனில் பார்ப்பவருக்குக் கறுப்புக் கட்டம்தான் தெரியும். இருட்டாகத் தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் போட்டு எடுத்துப் பிறகு இறக்குங்கள். வெளிக் காட்சிக்குப் பொழுது சாய்ந்த நீலத்தை நம்பினால், நம் பக்கம் அது 20 நிமிஷம் சொச்சம்தான். இரண்டு டேக்குக்குள் முடிந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | கேமரா | சத்தம் | கலர் |
|---|---|---|---|
| பார்வையாளருக்கு முன்கூட்டிச் சொல்ல | மிகச் சிறப்பு | நன்று | ஒற்றைப் பொருளாக இருந்தால் மட்டும் |
| காட்டாமல் பயமுறுத்த | ஓரளவு | மிகச் சிறப்பு | ஓரளவு |
| ஃபோனில் பிழைக்குமா | பிழைக்கும் | கூர்மையான சத்தம் பிழைக்கும், உறுமல் போகும் | இருட்டு போகும் |
| பிறகு திருத்த | பெரும்பாலும் முடியாது | பெருமளவு முடியும் | நன்றாக எடுத்திருந்தால் முடியும் |
| ஒளிந்திருக்கும் செலவு | ஒத்திகை, ஃபோகஸ், ராத்திரி பேட்டா | மோட்டார், நாய், தனிப் பதிவு | டி.ஐ. நாட்கள், பட்டை விழுதல் |

## நான் யாருக்கு எதைச் சொல்வேன்

பார்வையாளருக்கு முதலில் தெரிய வேண்டிய கதை, ஆழமுள்ள இடம், ஒத்திகைக்கு வரத் தயாரான நடிகர் என்று மூன்றும் இருந்தால் கேமரா. ஒன்று குறைந்தாலும் ட்ரைபாடில் நிறுத்தி எடுங்கள், மிச்சக் காசைச் சத்தத்துக்குத் திருப்புங்கள்.

கதையில் அந்த நிறம் மறுபடி வரப் போகிறது, அல்லது இரண்டு காலம் மாறி மாறி வருகிறது என்றால் கலர். அப்போதும் கலரிஸ்டிடம் போவதற்கு முன் உடைக்கும் பொருளுக்கும் பொறுப்பானவரிடம் உட்காருங்கள்.

மற்ற எல்லாருக்கும், அதாவது பத்தில் ஏழெட்டுப் பேருக்கு, சத்தம்தான். இது என் கட்சி, மறைக்கவில்லை. கேமராமேன் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் மூன்றையும் ஒரே நொடியில் கத்த விடாதீர்கள். 'டக்' கேட்கும் நொடியில் கேமரா நகரக் கூடாது. சிவப்புப் புள்ளி மறையும் நொடியில் கிரீச் வரக் கூடாது. ஒன்று பேசும்போது மற்ற இரண்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

வாய் என்றதும் ஞாபகம் வருகிறது. விடியற்காலை நாலு மணிக்கு பேக்கப் சொன்னதும் எல்லாரும் லைட்டை இறக்கி, டீக்குக் கிளம்பிவிடுவார்கள். போக விடாதீர்கள். ஃபேனைப் போடச் சொல்லுங்கள். மைக்கை அடியில் பிடித்து இரண்டு நிமிஷம் பதிவு. பிறகு சுவிட்சை அணைத்து, அது முழுதாக நிற்கும் வரை பதிவு. பிறகு ஒன்றுமே இல்லாத அறையை ஒரு நிமிஷம். ஆறு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் நிற்க வேண்டும். ஃப்ரிட்ஜை அணைத்து வைத்திருப்பீர்கள், வீட்டுக்காரம்மாவின் மாவு உள்ளே இருக்கும். யூனிட் வண்டிச் சாவியை முன்னமே அந்த ஃப்ரிட்ஜுக்குள் போட்டு வையுங்கள், கிளம்பும்போது ஃப்ரிட்ஜை மறுபடி போட மறக்காது.